கழற்றிப் பார்த்துக் கற்ற மேதை ஜி. டி. நாயுடு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

முன்னுரை

பிறந்தோர் எல்லாரும் வாழ்கின்றனர். வாழ்ந்தோர் எல்லாரையும் உலகம் நினைப்பதில்லை. ஏட்டுக் கல்வியால் உயர்ந்தோர் பலர். ஏடு தராத கல்வியை இயந்திரத்தின் வயிற்றுக்குள் தேடி எடுத்து உயர்ந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர், இந்தியாவின் எடிசன் என்று மக்களால் போற்றப்பட்ட கோவை விஞ்ஞானி ஜி. டி. நாயுடு அவர்கள் என்றால் அது மிகையாகாது.

அன்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களே, அருமை மாணவத் தோழர்களே! தலைவர்களும் கவிஞர்களும் எத்தனையோ பேர் இருக்க, இவரை ஏன் எடுத்துக் கொண்டேன் என்று நீங்கள் கேட்கலாம். நான் நெல்லிக்குப்பத்திலிருந்து வருகிறேன். கரும்பும் சர்க்கரை ஆலையும் கொண்ட ஊர் அது. என் தந்தை கரும்பு வெட்டும் தொழிலாளி. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பி.எஸ்சி. படிப்பது தெரிந்த நாள் முதல், தெருவில் யார் வீட்டில் செல்போன் நின்று போனாலும், கணிப்பொறி மக்கர் செய்தாலும், மிக்சி சுற்றாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் பாடத்தில் அலையும் உண்டு, அணுவும் உண்டு. ஓடாத பொருளை ஓட வைப்பது எப்படி என்ற பாடம் மட்டும் இல்லை. அந்தப் பாடத்தை எங்கே படிக்கலாம் என்று தேடியபோது, ஒரு மனிதரின் வாழ்க்கையே அந்தப் பாடமாக விரிந்து கிடப்பதைக் கண்டேன்.

பிறப்பும் இளமையும்

கோவைக்கு அருகே, சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தந்தை கோபால்சாமி நாயுடு உழவர். தாயை இளமையிலேயே இழந்த பிள்ளை. படிப்பில் மனம் செல்லவில்லை. அடித்த ஆசிரியர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடினார் என்று அவர் கதையைச் சொல்வோர் சொல்வார்கள். (பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க, நாங்கள் யாரும் அதைப் பின்பற்றப் போவதில்லை!) அவரது பள்ளிப் படிப்பு தொடக்கப் பள்ளியைத் தாண்டவில்லை. ஆனால் படிப்பை விட்டாரே ஒழிய, வாசிப்பை விடவில்லை. கிடைத்த நூல்களைத் தாமே படித்துத் தம்மைத் தாமே வளர்த்துக் கொண்டார்.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அந்த ஊர்ப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாட்டு வண்டியையும் குதிரை வண்டியையுமே கண்டு பழகிய கண்களுக்கு அது ஓர் அதிசயம். எதுவும் இழுக்காமல் தானாக ஓடுகிறதே என்று சிறுவர் கூட்டம் பின்னால் ஓடியது. அந்த அதிசயம் வழியில் நின்று போயிற்று. அதிகாரி இறங்கி, அருகில் நின்ற துரைசாமியிடம் மண்ணெண்ணெயும் துணியும் வாங்கி, வண்டியின் சில உறுப்புகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். வண்டி மீண்டும் உறுமிக் கொண்டு கிளம்பியது என்று அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது.

இந்த நிகழ்ச்சியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தேன். அன்று வண்டி ஓடியதைப் பார்த்து வியந்தவர்கள் பலர். அது நின்றதையும், நின்ற பின் எப்படி ஓடிற்று என்பதையும் கவனித்தவர் ஒருவர். நின்று போன பொருள் செத்துப் போன பொருள் ஆகாது. அதற்குள்ளே ஏதோ ஒன்று மட்டும் தன் வேலையைச் செய்யவில்லை. அது எது என்று கண்டுவிட்டால் போதும். இந்த ஓர் உண்மை அந்தச் சிறுவனின் மனத்தில் ஆணியடித்தாற்போல் பதிந்துவிட்டது.

சொந்தப் பொருளைத் திறந்தவர்

அந்த வண்டி தமக்கு வேண்டும் என்று முடிவு செய்த துரைசாமி, கோவை நகருக்குப் போய் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். காசு காசாகச் சேர்த்தார். சேர்த்த பணத்தைக் கொண்டு ஆங்கிலேயர் ஒருவரிடமிருந்து ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் ஊரைச் சுற்றினாரா? இல்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். மறுபடி மாட்டினார். ஒவ்வோர் உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று புரியும் வரை அதையே செய்தார். அவருடைய பொறியியற் கல்லூரி அந்த இரண்டு சக்கர வண்டிதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் திறந்தது பிறர் பொருளை அன்று; தம் வியர்வையால் வாங்கிய சொந்தப் பொருளை. கெட்டுப் போனால் தமக்கே நட்டம் என்ற அச்சம் அவருக்கும் இருந்திருக்கும். எங்களைப் போன்ற வீடுகளில் அந்த அச்சத்தின் எடை எனக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரே ஒரு செல்போன். அதில்தான் வேலைக்கு அழைப்பு வரும். அதில்தான் தங்கைக்குப் பாடம் வரும். அது உடைந்தால் அடுத்தது வாங்கப் பல மாதம் ஆகும். ஆகையால் தொடாதே என்பதுதான் நாங்கள் பிள்ளைப் பருவம் முதல் கேட்ட முதல் பாடம். பணக்கார வீட்டுப் பிள்ளை திறந்து பார்த்தால் ஆர்வம் என்பார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை திறந்து பார்த்தால் சேட்டை என்பார்கள். விடுதியில் தட்டுக் கழுவும் இடத்தில் நின்று சேர்த்த பணத்தால், திறந்து பார்க்கும் உரிமையையே நாயுடு விலைக்கு வாங்கினார் என்று நான் நினைக்கிறேன்.

பேருந்தும் பட்டறையும்

பின்னர் அவர் பருத்தி வணிகத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினார். ஈட்டியதைப் பம்பாயில் இழந்தார். விழுந்தவர் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் செய்த உதவியால் ஒரு பேருந்தை வாங்கி, 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். அவரே ஓட்டுநர். அந்த ஒரு வண்டி வளர்ந்து யு.எம்.எஸ். என்று புகழ் பெற்ற பெரு நிறுவனம் ஆயிற்று. 1930களில் இருநூறுக்கு மேற்பட்ட பேருந்துகள் அவர் பெயரைச் சொல்லிக் கொண்டு ஓடின.

வண்டிகள் பெருகினால் பழுதுகளும் பெருகும். பேருந்து வழியில் நின்றால் அதை நம்பி ஏறிய அத்தனை பேரின் வேலையும் நின்று போகும். எனவே நிறுவனத்துக்குப் பட்டறையே உயிர் என்பதை அவர் உணர்ந்திருந்தார். இயந்திரத்தின் அதிர்வைக் கொண்டே அதன் நலிவைக் கண்டறியும் சோதனைக் கருவி ஒன்றையும் அவர் உருவாக்கினார் என்பர். மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பது போன்றது இது. உடலைக் கிழிப்பதற்கு முன் நாடியைப் பார். இயந்திரத்தைப் பிரிப்பதற்கு முன் அதன் ஓசையைக் கேள். நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பிறகே மருந்துக்குப் போக வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை வகுத்த வழி மனிதருக்கு மட்டுமன்று, மோட்டாருக்கும் பொருந்துகிறது!

படைப்புகளின் அணிவகுப்பு

பழுது நீக்கத் தெரிந்த கைதான் பின்பு புதியன படைத்தது. உலர் மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவியைப் படைத்தார். ரசாந்த் என்ற பெயரில் அது செருமனியில் செய்யப்பட்டது. மிக மெல்லிய சவர பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, திரைப்படக் கேமராவுக்கான தூரம் சரி செய்யும் கருவி, வாக்குப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். 1937இல் டி. பாலசுந்தரம் அவர்களோடு சேர்ந்து இந்திய மண்ணிலேயே மின் மோட்டாரை உருவாக்கினார். கோவை இன்று பம்புசெட்டுக்கும் மோட்டாருக்கும் பெயர் பெற்றிருப்பதன் வேர்களில் அதுவும் ஒன்று. நெல்லிக்குப்பத்துக் கரும்பு வயல்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களில் கோவை என்ற பெயரைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

ஐந்து வால்வு கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941இல் அறிவித்தார். 1952இல் இருவர் அமரும் சிறு காரை 2,000 ரூபாய் விலையில் செய்து காட்டினார். அரசின் உரிமம் கிட்டாததால் அந்தக் கார் பெருந்தொகையாக உற்பத்திக்கு வரவில்லை. கேமராவும் கையுமாக உலகைச் சுற்றியவர் அவர். 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தையும் படமெடுத்தார். வயலையும் அவர் விடவில்லை. வழக்கத்துக்கு மாறாக உயர்ந்து வளரும் பருத்திச் செடிகளை வளர்த்துக் காட்டி ஊரை வியக்க வைத்தார். இவற்றில் விற்பனைக்கு வந்து வென்றவையும் உண்டு. வராமல் நின்றவையும் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒரே கேள்விதான் இருந்தது: இது எப்படி இயங்குகிறது?

பள்ளி தாண்டாதவர் கண்ட கல்லூரி

பள்ளியை விட்டு ஓடிய அந்தச் சிறுவர்தான் பின்னாளில் கோவையில் பொறியியல் கல்விக்கு வித்திட்டார் என்பது காலத்தின் விந்தை. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பப் பயிலகமும், 1945இல் பொறியியற் கல்லூரியும் அவருடைய கொடையால் எழுந்தன. அக்கல்லூரியே பின்னாளில் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக மலர்ந்தது. அவிநாசி சாலையில் ஹோப் காலேஜ் என்ற பேருந்து நிறுத்தத்தின் பெயர் இன்றும் அந்த வரலாற்றைச் சொல்லுகிறது.

பொறியியல் கற்க நான்கு ஆண்டுகள் வேண்டியதில்லை. கருவியைக் கையில் கொடுத்துக் கற்பித்தால் மிகக் குறைந்த காலமே போதும் என்பது அவர் கொள்கை. அரசு அதை ஏற்கவில்லை. கருத்து வேறுபாட்டால் அவர் விலகினார். அவர் சொன்னது முழுவதும் சரியா என்று கேட்டால், கோட்பாட்டைக் கற்கும் மாணவன் என்ற முறையில் எனக்கு ஐயம் உண்டு. ஏன் ஓடுகிறது என்பதைப் புத்தகமும், ஏன் ஓடவில்லை என்பதைக் கையும் கற்றுத் தருகின்றன, இரண்டும் வேண்டும். ஆனால் நம் கல்வியில் கைக்குக் கிடைக்கும் நேரம் குறைவு என்ற அவர் மனக்குறையை யார் மறுக்க முடியும்?

நம் மேசை மேல் உள்ள மோட்டார் சைக்கிள்

நாயுடு அவர்கள் 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார். நாம் இன்று பயன்படுத்தும் கணிப்பொறியையும் செல்போனையும் அவர் பார்க்கவில்லை. எனினும் அவர் வழி அவற்றுக்கும் பொருந்தும் என்பதை என் சிறு அனுபவத்தில் கண்டேன். எங்களைப் போன்ற வீடுகளுக்காக அந்த வழியில் ஓர் ஒழுங்கை மட்டும் சேர்த்துக் கொண்டேன். காசு செலவாகாத, எதையும் உடைக்காத சோதனை முதலில். திருகாணியைக் கழற்றுவது கடைசியில்.

முதலாவது, கேள். நிற்பதற்கு முன் என்ன நடந்தது? கீழே விழுந்ததா, நனைந்ததா, புதிதாக எதையேனும் ஏற்றினார்களா? திரையில் ஏதேனும் எழுத்து வந்தால் அதைத் தாளில் எழுதிக் கொள்ள வேண்டும். அது இயந்திரம் தன் வாயால் சொல்லும் நோய்க்குறி.

இரண்டாவது, மின்சாரம் வருகிறதா என்று பார். கணிப்பொறி சாகவில்லை, திரையின் பின்னால் உள்ள வயர்தான் தளர்ந்திருக்கிறது என்ற நிலை பல முறை உண்டு. சுவிட்ச், பிளக், வயர், திரைக்கெனத் தனியே உள்ள பொத்தான் என்று சுவரிலிருந்து தொடங்கி வரிசையாக வர வேண்டும்.

மூன்றாவது, அணைத்துப் போடு. இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் காரணம் உண்டு. இயங்கும் போது பல நிரல்கள் தற்காலிக நினைவகத்தில் இடம் பிடித்துச் சிக்கிக் கொள்கின்றன. அணைத்தால் அந்த நினைவகம் காலியாகிறது. எழுதி எழுதிக் கரும்பலகை நிரம்பினால் துடைத்துவிட்டு முதலிலிருந்து எழுதுகிறோம் அல்லவா, அது போல.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. சார்ஜ் ஏறவில்லையென்றால் நன்றாக இயங்கும் வேறு சார்ஜரைப் போட்டுப் பார். ஏறினால் குற்றம் சார்ஜரில், ஏறாவிட்டால் செல்போனில். இன்டர்நெட் வரவில்லையா? பக்கத்து வீட்டிலும் வரவில்லையென்றால் உன் கருவி குற்றமற்றது. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. நம் ஆய்வகத்தில் ஒன்றை மாறாமல் வைத்து மற்றொன்றை மாற்றி அளக்கிறோமே, அதே முறைதான்.

ஐந்தாவது, திறப்பதற்கு முன் உள்ளே இருக்கும் படங்களையும் பாடங்களையும் வேறோர் இடத்தில் நகல் எடுத்து வை. பொருளைக் கடையில் வாங்கலாம். இறந்து போன தாத்தாவின் குரலைக் கடையில் வாங்க முடியாது.

எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஆர்டர் எல்லாம் செல்போனில்தான். அது சார்ஜ் ஏறாமல் போகவே, ஒரு கடையில் காட்டினார். உள்ளே பலகையையே மாற்ற வேண்டும், 1,800 ரூபாய் ஆகும் என்றார்கள். இரண்டு வாரத் தையல் கூலி அது. வீட்டுக்கு வந்து என்னிடம் கொடுத்தார். வேறு சார்ஜர் போட்டேன், ஏறவில்லை. வயர் முழுதாக உள்ளே போகாமல் சற்றே வெளியில் நிற்பதைப் பார்த்தேன். போனை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் அந்தத் துளைக்குள் மரப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டினேன். இறுகிப் போன பஞ்சுத் திரள் ஒன்று வந்தது. நாள் முழுவதும் துணிக் குவியலில் கிடக்கும் போன் அல்லவா! பிறகு சார்ஜ் ஏறிற்று. அக்கா தந்த கூலி ஒரு டம்ளர் டீ. செலவு ஒரு பல்குச்சி. இதில் என் திறமை ஒன்றுமில்லை. பலகையை மாற்றுவதற்கு முன் துளையைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

உலக வரலாற்றிலும் இதற்கு ஓர் உறவுக்காரக் கதை உண்டு. 1947 செப்டம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் ஹார்வர்டு மார்க் 2 என்ற மாபெரும் கணிப்பொறி தவறு செய்தது. பொறியாளர்கள் தேடிப் பார்த்தபோது ஒரு மின்தொடுப்பில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். பழுதைப் பூச்சி என்று சொல்வது அதற்கு முன்பே பொறியாளர் வழக்கு; அன்று உண்மைப் பூச்சியே அகப்பட்டது. கலங்கலில் அழுக்கு, ஹார்வர்டில் அந்துப்பூச்சி, நெல்லிக்குப்பத்தில் பஞ்சு. இயந்திரம் எவ்வளவு பெரிதானாலும் தடை சிறிதாக இருக்கலாம்.

தொடக்கூடாதவை

துணிவு வேறு, மூடத்துணிவு வேறு. பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பற்றும். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். நனைந்த போனை உடனே அணைக்க வேண்டும். சார்ஜில் போடக் கூடாது. கணிப்பொறியின் மின்வழங்கிப் பெட்டி, பழைய படக்குழாய் டி.வி. ஆகியவற்றில் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். மின்தேக்கி பற்றி நாம் எழுதும் சூத்திரம் தேர்வுத்தாளோடு முடிந்து விடுவதில்லை. அது கையையும் சுடும். நாயுடு அவர்களும் தெரியாமல் தொட்டவர் அல்லர். பார்த்துத் தெரிந்து கொண்டு தொட்டவர்.

முடிவுரை

2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கு ஜி. டி. நாயுடு பெயர் சூட்டப்பட்டது. தகுதியான சிறப்பே. ஆனால் அவருக்கு நாம் செய்யத்தக்க நன்றி இன்னொன்றும் உண்டு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம்மில் பலர், கணிப்பொறி முன் உட்காரும் போது அதைப் பெரியவர் வீட்டுப் பொருளாக எண்ணிக் கை நடுங்குகிறோம். அது மனிதன் செய்த பொருள். மனிதன் மாட்டியதை மனிதன் கழற்றலாம், கழற்றியதை மாட்டலாம். வரிசை தெரிந்தால் போதும்.

நம் வீட்டில் ஒரு பொருள் நின்று போனால், தூக்கி எறிவதற்கு முன்னும், கடனுக்குப் புதிது வாங்குவதற்கு முன்னும், ஒரு பத்து நிமிடம் அதன் முன் அமர்ந்து பார்ப்போம். கேட்போம், பார்ப்போம், ஒன்றொன்றாக மாற்றுவோம். நம்மால் ஆகாதென்று தெரிந்தால், எது ஆகவில்லை என்று தெரிந்து கொண்டாவது கடைக்குப் போவோம். அப்படிப் போகிறவரை ஏமாற்றுவது எளிதன்று.

தொடக்கப் பள்ளியோடு நின்றவர் அத்தனை செய்தார். பட்டப் படிப்பு வரை வந்துவிட்ட நாம் ஒரு திருகாணியையாவது திருப்பக் கற்றுக் கொள்வோம். வாழ்க ஜி. டி. நாயுடு புகழ்! வளர்க நம் கைத்திறன்!